வேர்க்குழாய்க் கழுவல்

சொத்தை நரம்புவரை இறங்கிவிட்ட பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றுவது ரூட் கெனால் சிகிச்சை. அதில், பல்லை அடைத்துக் கேப் போடுவதற்குமுன் வேரின் உட்குழாய்களை மருந்து நீரால் அலசும் முறையே வேர்க்குழாய்க் கழுவல். குழாயைச் சுரண்டும் ‘ஃபைல்’ எல்லா இடத்தையும் எட்டுவதில்லை. உட்சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது படாமலே விடுபடுவதை 2001இல் வெளியான நுண் சி.டி. ஆய்வு காட்டியது. அங்கே தங்கும் கிருமிகளையும் அழுகிய சதையையும் மருந்து நீர்தான் போய்ச் சேர்ந்து அழிக்க வேண்டும்.

முதலிடம் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு. துணி வெளுக்கும் ப்ளீச்சில் இருப்பதும் இதுவே. குளோரினால் வெளுக்கும் முறையை 1780களில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தோலே உருவாக்கினார். முதல் உலகப் போரின்போது, 1915இல், வேதியியலாளர் ஹென்றி டேக்கின் ஹைப்போகுளோரைட்டைச் சுமார் 0.5 விழுக்காட்டுக் கரைசலாக்கிப் போர்க் காயங்களைக் கழுவச் செய்தார். பல்லின் நரம்புச் சதையை இது கரைப்பதை 1941இல் ஆய்வாளர்கள் கிராஸ்மனும் மெய்மனும் சோதித்துக் காட்டினர். குறுகிய குழாய்களின் சுவரை இளக்கும் ஈ.டி.டி.ஏ.வை 1957இல் நார்வேயின் நைகார்ட்-ஓஸ்ட்பி அறிமுகப்படுத்தினார். ஃபைல் தேய்த்த தூள் சுவரில் படிவதை நீக்கவும் அது பின்னர் பயன்பட்டது.

ஹைப்போகுளோரைட்டின் கதை குளோரேட்டையும் தொடுகிறது. பெர்தோலே கண்ட உப்பு பொட்டாசியம் குளோரேட். கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலில், குச்சி முனை மருந்துக்கு ஆக்சிஜன் தருவது இதுதான். பல் மருத்துவரின் புட்டியிலும் குளோரேட் உருவாகும்: வெப்பத்தில் ஹைப்போகுளோரைட் சிறிது சிறிதாகக் குளோரேட்டாகவும் குளோரைடாகவும் சிதைந்து வீரியம் இழக்கிறது. சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் வெயிலில் இது அன்றாடக் கவலை. ஒளி புகாத புட்டி, குளிர்ந்த இடம், அண்மையில் தயாரித்த மருந்து என்ற மூன்றும் இங்கே கட்டாயம்.

மாற்று மருந்தும் தேடப்படுகிறது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த திரிபலாவைச் சென்னை ஆய்வாளர்கள் எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் கிருமிப் படலத்தின்மீது சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டனர். திரிபலா குறிப்பிடத்தக்க பலன் தந்தது. எனினும் 5 விழுக்காட்டு ஹைப்போகுளோரைட்டே முந்தியது. ஆய்வு நடந்தது பிடுங்கிய பற்களில், நோயாளியின் வாயில் அல்ல.

கழுவும் முறைக்கும் மருந்துக்கு நிகரான முக்கியத்துவம் உண்டு. ஊசி குழாயில் இறுகிவிட்டால் கரைசல் வேர் நுனியைத் தாண்டி எலும்புப் பக்கம் பாய்ந்து, தாங்க முடியாத வலியும் வீக்கமும் உண்டாகும். அதனால் பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை நுனிக்குச் சற்று முன்பே நிறுத்தி, மேலும் கீழும் அசைத்தபடி மெல்லச் செலுத்துகிறார்கள். மீயொலி அதிர்வு கரைசலைக் கிளைக் குழாய்களுக்குள்ளும் தள்ளும். குளோர்ஹெக்சிடின் என்ற மற்றொரு கிருமிநாசினியையும் பயன்படுத்துவதானால் இடையில் உப்புநீரால் அலசுவது அவசியம். ஹைப்போகுளோரைட்டுடன் நேரடியாகக் கலந்தால் பழுப்புப் படிவு குழாயை அடைத்துக்கொள்ளும்.