மாங்குளத்துக் குகைகளும் 'பள்ளி' என்னும் சொல்லும்

மதுரைக்கு வடகிழக்கே மீனாட்சிபுரம் என்னும் சிற்றூரை ஒட்டியுள்ள மாங்குளம் மலையில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளங்கள் உள்ளன. எல்லோராவைப் போல் மலையைக் குடைந்து எடுத்த மண்டபங்களை எதிர்பார்த்து ஏறுவோர்க்கு இங்கு ஏமாற்றமே மிஞ்சும். முன்தள்ளி நிற்கும் பாறை, அதனடியில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள், மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் நெற்றியில் வெட்டிய காடி, இவ்வளவே. இவ்விடத்தின் உண்மையான செல்வம் பாறையில் பொறித்துள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகள்தாம்.

1882இல் இராபர்ட் சீவெல் இவற்றைக் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரை மாங்குளத்தில் 1965இல் இனங்கண்டவர் ஐராவதம் மகாதேவன். கல்வெட்டின் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது அவர்தம் கணிப்பு. அரசன் பெயர் கிடைத்தமையால் மாங்குளம் புகழ் பெற்றது. நம் கவனத்தை ஈர்ப்போர் வேறு சிலர். நந்தசிரிக் குவன் என்னும் மூத்த துறவிக்கு உறைவிடம் வெட்டுவித்தவன் அம்மன்னனின் பணியாளனாகிய கடலன் வழுதி. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் இங்கே கொடையாளராக இடம்பெறுகின்றனர். பொருள் தேடி ஊர் ஊராகத் திரிந்தோர், பொருளைத் துறந்தோர்க்குப் படுக்கை அமைத்துத் தந்துள்ளனர்!

கடலன் வழுதி அமைத்த உறைவிடத்தைக் கல்வெட்டு 'பளி' என்கிறது. நாம் வழங்கும் 'பள்ளி'யே அது. படுக்கும் இடத்தைக் குறித்த அச்சொல் துறவியர் உறைவிடத்துக்கும், பின்னர்க் கல்விக்கூடத்துக்கும் ஆகிவந்தது. தமிழ் முஸ்லிம்கள் தம் தொழுகையிடத்துக்கு இச்சொல்லையே கொண்டனர். பாண்டியர் காலத்துத் திருப்புல்லாணிக் கல்வெட்டு, சோனகரின் தொழுகையிடம் ஒன்றைப் 'பிழார்ப்பள்ளி' எனக் குறிப்பிடுவது நோக்கத்தக்கது. அவ்வகையில், பள்ளிவாசல் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று இம்மலையில்தான் இருக்கிறது.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க உரிமை 2024 நவம்பரில் ஏலம் போயிற்று. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்த பின்னர், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதனைக் கைவிட்டது. கீழவளவுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. கற்படுக்கைகளும் கல்வெட்டும் உள்ள பாறை அங்கே எஞ்சி நிற்கிறது. அருகிலிருந்த குன்றுப் பகுதிகள் கிரானைட் பலகைகளாக அறுக்கப்பட்டுப் போய்விட்டன.