கணக்கெடுப்பும் கைகொடுப்பும்

தொண்டு நிறுவனங்களில் மேற்பார்வை என்றாலே வருகைப் பதிவேடு, மாத அறிக்கை, திடீர் ஆய்வு ஆகியவைதாம் பலருக்கும் நினைவுக்கு வரும். பொருளியலிலும் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. களத்தில் பணியாளர் எவ்வளவு உழைக்கிறார் என்பதை மேலாளரால் நேரில் காண இயலாது. ஆகவே கண்காணிப்பும் ஊக்கத்தொகையும் தேவை என்பதே அது. இதை வகுப்பறையில் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். ஆனால், அந்த விளக்கம் எந்த இடத்தில் போதாமல் போகிறது என்பதை வங்கதேசத்தின் 'பிராக்' அமைப்பின் அனுபவம் காட்டுகிறது.

1972-இல் ஃபசலே ஹசன் அபேத் தொடங்கிய அமைப்பு அது. வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றிக் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, உப்பு-வெல்லக் கரைசலைத் தயாரிக்கும் முறையை 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று தாய்மார்களுக்கு அது கற்பித்தது. மூன்று விரல்களால் எடுக்கும் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர், அவ்வளவே. பத்தாண்டுகளில் சுமார் 1.2 கோடி வீடுகளை அதன் பெண் பணியாளர்கள் சென்றடைந்தனர்.

அவர்களுக்கு ஊதியம் வழங்கிய முறை பொருளியலாளர்களைக் கவரக்கூடியது. பணியாளர் சென்றுவந்த வீடுகளில் பத்தில் ஒன்றுக்குச் சில வாரங்கள் கழித்துக் கண்காணிப்பாளர் செல்வார். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார், கரைசலைச் சரியாகக் கலக்கிறாரா என்று பார்த்துத் தரம் இடுவார். அந்தத் தரத்துக்கேற்பப் பணியாளருக்கு ஊதியம். எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதற்கன்று, தாய் என்ன கற்றார் என்பதற்கே கூலி. தாய்மார்கள் நன்றாகவே கற்றனர்.

ஆயினும், குழந்தைக்கு நோய் வந்தபோது கரைசலைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே. வேறொரு நிறுவனமாக இருந்தால் பணியாளர்களிடம் எழுத்துபூர்வ விளக்கம் கேட்டிருக்கும். பிராக் காரணத்தைத் தேடியது. கிடைத்த விடை வியப்பானது: கற்பிக்கும் பணியாளர்களில் பலருக்கே கரைசலில் நம்பிக்கை இல்லை; தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரையையே நாடினர். இதன்பின் அவர்களை டாக்காவிலுள்ள வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்துக்கு வரவழைத்து, கரைசல் உடலில் எவ்வாறு செயல்படுகிறது என்பதை விளக்கினர். முதலில் நீங்களே குடித்துப் பாருங்கள் என்றனர். கிராமங்களில் கரைசலின் பயன்பாடு அதன்பின் உயர்ந்தது. (வீட்டு ஆண்களைக் கூட்டங்களில் சேர்த்துக் கொண்டதும் இதற்கு உதவியது.)

தாயின் நினைவாற்றலைத் துல்லியமாக அளந்த கண்காணிப்பு, பணியாளரின் மனத்தை அளக்கவில்லை. 'எனக்கே இதில் நம்பிக்கையில்லை' என்று மேலதிகாரியிடம் ஒருவர் அச்சமின்றிச் சொல்ல முடிந்தால்தான் அது வெளிப்படும்.

நம் நாட்டில் அப்படிச் சொல்வது எளிதன்று. களப்பணியாளர்கள் பலர் திட்டம் முடியும் வரை மட்டுமே வேலையில் இருப்பவர்கள். ஓய்வுக்குப் பின் ஒரு தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் நான் சில காலம் இருந்தேன். மாலைநேரக் கல்வி மையங்களுக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை மாதந்தோறும் ஒரே அளவாகப் பதிவாகியிருந்தது; அறுவடைக் காலத்தில்கூடக் குறையவில்லை. எவரும் அதைக் கேட்கவில்லை. முந்தைய ஆண்டு உண்மையான எண்ணைக் குறைத்து எழுதிய ஒரு பணியாளரிடம் நாங்கள் விளக்கம் கேட்டிருந்தோம் என்பது எனக்குப் பின்னர்தான் உறைத்தது.

செலவுக் கணக்கும் இதற்கு எதிராகவே நிற்கிறது. அயல்நாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு, 2020 சட்டத்திருத்தத்தால் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வீண் செலவைத் தடுக்கும் நோக்கம் சரியே. ஆனால், செலவைச் சுருக்க நேரும்போது பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது மேற்பார்வையாளரின் பயணமும் பயிற்சியும்தாம். படிவங்களை நிரப்பும் வேலை குறைவதில்லை.

அந்தப் படிவத்தில் ஒரு சிறு மாற்றத்தையாவது செய்யலாம். பணியாளர் இம்மாதம் கூறிய சிக்கல்கள் எவை, எத்தனை நாள்களில் மேலாளர் விடையளித்தார் என்று இரு கட்டங்களைச் சேர்க்கலாம். அவை காலியாக வந்தால், மறுவாரமே அந்த ஊருக்கு ஒருவர் சென்று, பதிவேட்டைத் திறக்காமல் அரை நாள் பணியாளருடன் நடக்க வேண்டும்.