படிவங்களில் வரும் ஆங்கிலச் சொற்கள்: தெரிந்துகொள்ள வேண்டிய பொருள்கள்

சாக்கோட்டை, புதுவயல் பக்கம் ஆங்கிலம் படிக்காதவர்களும் நாள்தோறும் ஆங்கிலச் சொற்களைப் பேசுகிறோம். மின்சாரத்தைக் கரண்ட் என்கிறோம். ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு நீரோட்டம், தற்போதைய என்ற பொருள்களும் உண்டு. நாம் சாப்பிடும் இடத்தை ஹோட்டல் என்கிறோம். ஆங்கிலத்தில் அது தங்கும் விடுதி. பேச்சில் இதனால் நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் பாஸ்போர்ட், விசா, வங்கிப் படிவங்களில் பொருள் மாறினால் பயணமும் பணமும் சிக்கலாகிவிடும். அப்படிப்பட்ட சில சொற்களைப் பார்ப்போம்.

கிவன் நேம், சர்நேம்: கிவன் நேம் என்பது பெற்றோர் நமக்கு வைத்த பெயர். சர்நேம் என்பது குடும்பப் பெயர். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அத்தாவின் பெயரில் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடுகிறோம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடமில்லை. சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். அத்தகைய பாஸ்போர்ட்டுடன் விசிட் விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. எனவே பிள்ளைகளுக்கு விண்ணப்பிக்கும்போதே அத்தாவின் முழுப் பெயரை சர்நேம் கட்டத்தில் எழுதுவது நல்லது.

நாமினி: நாமினிதான் வாரிசு என்று பலர் நினைக்கிறோம். வங்கி வைப்புத்தொகையில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர் மட்டுமே. அதன் உரிமையாளர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருக்கிறது. பெற்ற பணத்தை வாரிசுரிமைப்படி எல்லோருக்கும் பங்கிட வேண்டும். மூத்த மகன் பெயர் நாமினியாக இருப்பதால் உம்மாவின் பங்கும் சகோதரிகளின் பங்கும் இல்லாமல் போய்விடாது. ஆயுள் காப்பீட்டில் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பின் விதி வேறு என்பதையும் நினைவில் கொள்ளவும்.

இஷ்யூ: பேச்சில் இது பிரச்சினை. பாஸ்போர்ட்டில் 'டேட் ஆஃப் இஷ்யூ' என்றால் வழங்கிய நாள். பழைய பத்திரங்களிலும் உயில்களிலும் இஷ்யூ என்றால் பிள்ளைகள்.

எக்ஸ்பைரி: மருந்திலும் பாஸ்போர்ட்டிலும் காலாவதியாகும் நாள். மருத்துவமனைக் குறிப்பில் ஒருவரைப் பற்றி 'எக்ஸ்பையர்ட்' என்று எழுதியிருந்தால் அவர் இறந்துவிட்டார் என்று பொருள்.

அங்கிள்: பெரியத்தா, சின்னத்தா, மாமா எல்லோருமே ஆங்கிலத்தில் அங்கிள்தான். பக்கத்து வீட்டுக்காரரையும் நம் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். விசா படிவத்தில் உறவுமுறை கேட்டால் தந்தையின் சகோதரரா, தாயின் சகோதரரா என்று விளக்கி எழுதுங்கள்.

தேதி: 04/05 என்பது நமக்கு மே 4. அமெரிக்காவில் அது ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தில் எழுதினால் குழப்பமில்லை.

புரியாத சொல் வந்தால் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுவோம்.