கறுப்புக் கட்டத்தின் கதை

கணினியில் ஓடும் படத்தை நிறுத்தி, பிரிண்ட் ஸ்கிரீன் விசையைத் தட்டி, பெயிண்ட் மென்பொருளில் ஒட்டினால் என்ன வரும்? விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினி பழகியவர்களுக்கு விடை தெரியும். சுற்றியுள்ள பொத்தான்கள் எல்லாம் வரும். படம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டம்! அதைவிட வேடிக்கை, சில சமயம் ஒட்டிய அந்தக் கட்டத்துக்குள்ளேயே வீடியோ ஓடும். பிளேயரை மூடினால் மறைந்துவிடும். இது ஏன் என்று பார்ப்போம்.

பிரிண்ட் ஸ்கிரீன் என்ற பெயருக்கு ஏற்ப, அந்த விசை முதலில் அச்சடிக்கத்தான் இருந்தது. 1981ல் வந்த ஐபிஎம் பிசியில் அதைத் தட்டினால் திரையில் உள்ள எழுத்துகள் பிரிண்டருக்குப் போகும். விண்டோஸ் வந்த பிறகுதான் அது திரையைப் படமாக நினைவகத்தில் பிடித்து வைக்க ஆரம்பித்தது.

1991ல் ஆப்பிளின் குவிக்டைமும் 1992ல் மைக்ரோசாப்டின் வீடியோ ஃபார் விண்டோஸும் வந்தன. அப்போதைய வீடியோக்கள் தபால்தலை போலச் சிறியவை. பெரிதாக்கினால் கணினி திணறும். காரணம் எளிய கணக்கு. 720க்கு 576 புள்ளிகள் கொண்ட வீடியோ நொடிக்கு 25 படங்கள் ஓடினால், நொடிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளை வரைய வேண்டும். அதோடு வீடியோவில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். அவற்றைத் திரைக்கு ஏற்ற சிவப்பு, பச்சை, நீலமாக மாற்றவும் வேண்டும்.

இந்த வேலையைக் கிராபிக்ஸ் அட்டையிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு ஓவர்லே என்று பெயர். பிளேயர் திரையில் ஒரு குறிப்பிட்ட நிறத்தில் கட்டம் மட்டும் வரையும். அந்த நிறம் தெரியும் இடத்தில் வீடியோவைக் காட்டும் பொறுப்பு அட்டையுடையது. ஆக விண்டோஸுக்குத் தெரிந்தது வெறும் கட்டம்தான். பிரிண்ட் ஸ்கிரீனும் அதைத்தான் பிடித்தது. பெயிண்டில் ஒட்டிய கட்டம் பிளேயர் இருந்த இடத்துக்கு நேராக வந்தால், அட்டை அதையும் நம்பி அங்கே வீடியோவைக் காட்டியது. யாரும் திட்டமிட்டுச் செய்த தடை அல்ல இது. வேகத்துக்காகக் கொடுத்த விலை.

அதனால் தப்பும் வழிகளும் இருந்தன. விண்டோஸின் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தைக் குறைத்தால் போதும். பல அட்டைகளில் ஒரே ஒரு ஓவர்லேதான் உண்டு என்பதால், வேறொரு வீடியோவை முதலில் திறந்து வைத்துவிட்டு இரண்டாவதைப் படம் எடுத்தவர்களும் உண்டு. பாரிஸில் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996ல் தொடங்கிய திட்டத்திலிருந்து பிறந்த விஎல்சி பிளேயர் இன்னும் எளிய வழி தந்தது. தான் விரித்தெடுத்த படத்தைத் திரையைக் கேட்காமல் நேரடியாகக் கோப்பாகச் சேமிக்கும்.

2007ல் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தது. அதன் ஏரோ முறையில் எல்லா ஜன்னல்களும் ஒரே இடத்தில் கலந்து திரைக்கு வந்ததால் பழைய ஓவர்லே மெல்ல வழக்கொழிந்தது. கறுப்புக் கட்டம் ஒழிந்தது என்று நினைத்தால் தவறு. பாதுகாக்கப்பட்ட படங்களை மற்ற மென்பொருள்கள் தொட முடியாத தனிப் பாதையில் அனுப்பும் ஏற்பாடும் அதே விஸ்டாவில்தான் வந்தது. அதற்கு முன்பே ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸில் டிவிடி பிளேயர் திறந்திருந்தால் திரையைப் படம் எடுக்க முடியாது. 2017ல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உலாவிகளுக்குள் இத்தகைய பூட்டுகளைப் பயன்படுத்தும் முறைக்கு ஒப்புதல் தந்தது. இன்று பல கருவிகளில் ஓடிடி படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மீண்டும் அதே கறுப்புக் கட்டம். முன்பு தற்செயலாக வந்தது, இப்போது வேண்டுமென்றே வருகிறது.

இதனால் யாருக்கு நஷ்டம்? இரண்டு மணி நேரப் படத்தில் நொடிக்கு 24 வீதம் 1,72,800 படங்கள் உள்ளன. அதில் ஒன்றை எடுத்து யாரும் திருட்டு டிவிடி போட முடியாது. ஆனால் ஒளிப்பதிவைப் பற்றி எழுதும் மாணவருக்கு அந்த ஒன்றுதான் மேற்கோள். கவிதையைப் பற்றி எழுதுபவர் ஓர் அடியை எடுத்துக் காட்டுவது போலத்தான் இதுவும். அமெரிக்காவில் 1998ன் டிஎம்சிஏ சட்டம் பூட்டைத் திறப்பதையே சட்டவிரோதமாக்கியது. வகுப்பறைக்காகப் படத்துண்டுகள் எடுக்க திரைப்படப் பேராசிரியர்களுக்கு 2006ல்தான் விலக்கு கிடைத்தது. அத்துறை மாணவர்களுக்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முழுப் படத்தையும் களவாடுபவர்கள் பூட்டை உடைக்கும் வழியை எப்படியும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒரே ஒரு காட்சியைச் சுட்டிக்காட்டிப் பேச நினைப்பவர்தான் கறுப்புக் கட்டத்தின் முன் நிற்கிறார். பூட்டுப் போடுபவர்கள் இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கும் நாள் வர வேண்டும்.