பெயர் சிங்கர், ஆள் யார்?

1924-ம் வருடம். டெல்லியில் காந்தியிடம் ஓர் இளைஞர் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். சாந்திநிகேதன் மாணவர். பெயர் ஜி.ராமச்சந்திரன். பின்னாளில் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கினாரே, அவரேதான். எல்லா இயந்திரமுமே கூடாது என்கிறீர்களா என்று அவர் கேட்க, சிலதுக்கு விதிவிலக்கு உண்டு என்றார் காந்தி. உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது சிங்கர் தையல் மிஷினை. மனைவி ஊசியும் நூலுமாக மாரடிப்பதைப் பார்த்து மனசு கேட்காமல் சிங்கர் உருவாக்கியது அது, அதற்குப் பின்னால் அன்பு இருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம்.

அழகான கதை. ஆனால், ஆள் மாறிவிட்டது!

மனைவி துணி தைத்துக் குடும்பம் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து மிஷினோடு மல்லுக்கட்டியவர் எலியாஸ் ஹோவ். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ்காரர். ஊசியின் முனையிலேயே காது, அடியில் இரண்டாவது நூலோடு ஓடும் ஷட்டில் என்ற ஏற்பாட்டுக்கு 1846-ல் காப்புரிமை வாங்கினார். வாங்கத்தான் ஆள் இல்லை. பிழைப்புத் தேடி லண்டன் போய், 1849-ல் வெறுங்கையோடு திரும்பினார். காசநோயில் கிடந்த மனைவி இறந்துபோனார். ஊரில் பார்த்தால், அவருடைய யோசனையை வைத்து ஆளாளுக்கு மிஷின் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்!

அவர்களில் ஒருவர்தான் ஐசக் மெரிட் சிங்கர். நாடக நடிகர். ஐந்து பெண்கள், 24 குழந்தைகள் என்று நீளும் குடும்பக் கணக்கு அவருடையது. மனைவிமேல் பரிதாபப்பட்டு மிஷின் செய்தார் என்று அவரே சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால், கெட்டிக்காரர். ஹோவின் மிஷினில் ஊசி படுக்கைவாட்டில் ஓடும். சிங்கர் ஊசியை நிமிர்த்தினார், துணியை மேஜைமேல் படுக்கவைத்தார், காலால் மிதிக்க வழி செய்தார். 1851-ல் அவருக்கும் காப்புரிமை கிடைத்தது.

ஹோவ் கோர்ட்டுக்குப் போனார், 1854-ல் ஜெயித்தார். சிங்கர் 15,000 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. அதோடு முடிந்ததா? துணியை முன்னே தள்ளும் பல்லுக்கு ஒருவர் உரிமை கொண்டாட, தையல் முறைக்கு இன்னொருவர் வந்து நின்றார். எல்லோரும் எல்லோர்மீதும் கேஸ் போட்டால் மிஷின் விற்பது யார்? 1856-ல் ஹோவும் மூன்று கம்பெனிகளும் சமாதானமாகி, காப்புரிமைகளை ஒரே கூடையில் போட்டார்கள். மிஷின் ஒன்றுக்கு 15 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். அதில் 5 டாலர் ஹோவுக்கு. பரிதாபத்துக்குரிய ஹோவ் அப்புறம் பெரும் பணக்காரர்!

ஆக, மேலே எழுதியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் மூளைகள் பல. தையல் மிஷினுக்கு இது பிறவிக் குணம்.

பிறகு எப்படி 'சிங்கர்' என்ற பெயர் மட்டும் நின்றது? அதற்குக் காரணம் அவருடைய கூட்டாளி, வக்கீல் எட்வர்ட் கிளார்க். மிஷின் விலை நூறு டாலருக்கு மேல், வாங்குகிற குடும்பத்தின் வருட வருமானமோ சில நூறு டாலர். கிளார்க் 1856-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்து டாலர் கொடுத்து மிஷினை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், மிச்சத்தை மாதாமாதம் கட்டுங்கள். இன்று நீங்கள் இ.எம்.ஐ. என்கிறீர்களே, அதன் தாத்தா!

1885-ல் ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்கில் திறந்த சிங்கர் ஆலை உலகிலேயே பெரியது என்று பேரெடுத்தது. 1980-ல் அதற்குப் பூட்டு. கம்பெனி வேறு தொழில்களில் இறங்கியிருந்தது. 1986-ல் தையல் மிஷின் பிரிவையே தனியாகக் கழற்றிவிட்டார்கள். 1989-ல் அது கைமாறியது, 1999-ல் திவால் மனு கொடுத்தது, 2004-ல் மறுபடி கைமாறியது. 2006-லிருந்து சிங்கர், ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா வைகிங், ஜெர்மனியின் ஃபாஃப் மூன்றும் ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். ஒரு காலத்தில் கடைக்குக் கடை போட்டி போட்டவர்கள்!

சிங்கர் மட்டும் இப்படி இல்லை. ஸ்விட்சர்லாந்தின் எல்னா இப்போது ஜப்பானின் ஜனோமே வசம். நம்மூர்க் கடையில் 'உஷா ஜனோமே' பார்த்திருப்பீர்கள். உஷா நம் நாட்டுப் பெயர். ஜனோமே என்றால் ஜப்பானிய மொழியில் பாம்பின் கண். உருண்டை பாபினைப் பார்த்து வைத்த பெயர். தைவானிலோ, அடுத்த கம்பெனிகளின் பெயரில் மிஷின் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் செங் சிங் மாதிரி ஆலைகள் உண்டு.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? 'பாட்டி வீட்டு மிஷின் அறுபது வருஷம் ஓடியது, அதே கம்பெனி வாங்கலாம்' என்று கிளம்புபவர்களுக்காகத்தான். பாட்டி வாங்கியது ஓர் ஆலையின் சரக்கு. நீங்கள் வாங்கப்போவது அதே பெயர். இரண்டும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அதனால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, வெளிநாட்டுச் சரக்கென்றால் எந்த நாடு என்பதெல்லாம் அதில் இருந்தாக வேண்டும், சட்டம் அது. பிறகு மேலே ஒரு கலர் நூல், பாபினில் வேறு கலர் நூல் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். மெல்லிய காட்டன் ஒன்று, நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி ஒன்று. அடிநூல் மேலே எட்டிப் பார்க்கிறதா? டென்ஷனைத் திருகிச் சரிசெய்யச் சொல்லுங்கள். திருகியும் சரியாகவில்லையா, அடுத்த மிஷினுக்குப் போய்விடுங்கள். கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் எங்கும் இடிக்கக் கூடாது.

கடைசியாக, கடைக்காரரிடம் இல்லை, உங்கள் தெரு டெய்லரிடம் கேளுங்கள்: "இந்த மிஷினுக்கு ஷட்டிலும் பாபினும் இங்கே கிடைக்குமா? ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கா?" அவர் 'இருக்கு' என்றால், மேலே எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் தாராளமாக வாங்கலாம்.