உயிரும் உயரமும்: சென்னையில் சிறுநீரகம் செயலிழந்த குழந்தைகள்

சிறுநீரகம் செயலிழந்த குழந்தையின் உடலில் கழிவு தேங்குவதோடு வளர்ச்சியும் தடைபடுகிறது. இரத்தத்தில் அமிலம் கூடும், பசி மங்கும், வைட்டமின் டி செயல்வடிவம் பெறாததால் எலும்பு வலுவிழக்கும், வளர்ச்சி ஹார்மோன் சுரந்தாலும் உடல் அதற்குச் சரிவர இணங்காது. டயாலிசிஸ் உயிரைக் காக்கும். உயரத்தை மீட்க அது மட்டும் போதாது. மற்ற வழிகள் ஒவ்வொன்றாகத்தான் கைக்கு வந்தன.

இந்தியாவின் முதல் டயாலிசிஸ் 1961 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அக்கால இயந்திரங்கள் பெரியவர்களுக்கானவை. அவற்றின் குழாய்களை நிரப்பத் தேவைப்பட்ட இரத்தமே சின்னக் குழந்தைக்கு ஆபத்தாகும் அளவு இருந்தது. சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், 1978 இல் தோன்றிய நுங்கம்பாக்கம் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையும் குழந்தைகளுக்கான சிறுநீரகச் சிகிச்சை வளர்ந்த இடங்கள். மருத்துவர் பி. ஆர். நம்மாழ்வார் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர்.

1990களின் தொடக்கத்தில், வயிற்றில் நிலையாகப் பொருத்திய குழாய்வழி வீட்டிலேயே திரவப் பை மாற்றும் டயாலிசிஸ் இந்தியாவுக்கு வந்தது. இரத்தத்தை வெளியே எடுக்க வேண்டாம் என்பதால் குழந்தைகளுக்கு இது பெரும் வரம். ஆனால் வெளியேறும் திரவத்தோடு புரதமும் போய்விடும். அதை உணவால் ஈடுகட்ட வேண்டும். கிருமித்தொற்றுக்கும் அஞ்ச வேண்டும். 1993 இல் சென்னையில் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை, செலவைத் தாங்க முடியாத நோயாளிகளுக்கு டயாலிசிஸ் உதவி அளித்துவருகிறது.

டயாலிசிஸில் உள்ள குழந்தைக்குக் கலோரி கூட்டினால் வளர்ச்சி மேம்படும் என்று 1971 இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. முதல் இரண்டு வயதுவரை வளர்ச்சி பெரும்பாலும் உணவையே சார்ந்தது. கஞ்சியிலும் சோற்றிலும் நெய் அல்லது எண்ணெய் சேர்ப்பது இங்கே எளிய வழி. பொட்டாசியம் மிகுந்த இளநீர் ஆகாது. உருளைக்கிழங்கை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். பாலிலும் தயிரிலும் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் அவற்றுக்கு அளவு உண்டு. வாயால் போதிய அளவு உண்ணாத குழந்தைக்கு மூக்குக் குழாய்வழி உணவு செல்லும்.

வளர்ச்சி ஹார்மோன் முன்பு இறந்தவர்களின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் கொடிய மூளைநோய் பரவியது தெரிந்ததும் 1985 இல் அமெரிக்காவில் அது நிறுத்தப்பட்டு, மரபணு நுட்பத்தில் தயாரித்த ஹார்மோன் வந்தது. 1993 இல் சிறுநீரகம் பழுதான குழந்தைகளுக்கும் அதைத் தர அங்கே அனுமதி கிடைத்தது. தினமும் போடவேண்டிய இந்த ஊசிக்கு விலை அதிகம். உணவு, அமிலம், எலும்பு மூன்றையும் சீர்செய்த பின்பே அதற்குப் பலன் உண்டு.

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையே வளர்ச்சிக்கு நல்ல வாய்ப்பு. சிறு வயதில் செய்தால், இழந்த உயரம் கூடுதலாக மீளும். அறுவைக்குப் பின் தரும் ஸ்டீராய்டு மருந்து குறைந்தால் இன்னும் நல்லது. 2008 இல் தமிழ்நாட்டில் முறைப்படுத்தப்பட்ட மூளைச்சாவு உறுப்புக்கொடைத் திட்டமும், 2012 இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குழந்தைகளுக்கும் இவ்வழியைத் திறந்தன.