ஒரு கல் வகுப்புக்குப் போகிறது

திருப்பாச்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி உருக்காலைக்கு வேலைக்குப் போகும் ஒருவரை வைத்துக்கொள்வோம். உலைச் சூட்டில் உடம்பின் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விடுகிறது. வேலையை விட்டு எழுந்து போக முடியாதே என்று அவர் குடிப்பதும் குறைவு. சிறுநீர் சுண்டுகிறது, அதில் கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிகமாகின்றன. சிறுநீரகத்தின் உட்புற முனையில் படியும் கால்சியம் பாஸ்பேட் பொருக்கில் கல் ஒட்டி வளரும் என்பதை அலெக்சாண்டர் ராண்டால் 1937-இல் விளக்கினார். நம் கல்லும் அப்படி ஒட்டி, மாதக்கணக்கில் வளர்கிறது, வலி இல்லை.

ஒருநாள் பிடி விடுகிறது. சிறுநீர்க்குழாயின் நீளம் சுமார் 25 செ.மீ.; அதில் மூன்று இடங்கள் குறுகல். கல் அங்கே சிக்கும்போதுதான் விலாவில் கிளம்பி அடிவயிறு வரை இழுக்கும் வலி, கூடவே வாந்தி. 5 மி.மீ.க்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தானே வெளியேறிவிடும். இதுவும் சிறுநீரை வடிகட்டும்போது வடிகட்டியில் விழுகிறது: பழுப்பு நிறம், தொட்டால் முள்முள்ளாய்.

முன்பெல்லாம் இத்தகைய கல் மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் போய், சீட்டு ஒட்டப்பட்டு உட்கார்ந்துவிடும். மாணவர்கள் பெயரை மனப்பாடம் செய்வார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் வேறு வழி காட்டியது: நோயாளியின் பிரச்சினையை முன்வைத்து, சிறு குழுவாக மாணவர்களே விடை தேடுவது. இந்தியாவிலும் 2019 முதல் திறன்சார் பாடத்திட்டம் வந்தது. முதலாண்டிலேயே மாணவர் நோயாளியைச் சந்திக்க வேண்டும். 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி இந்தப் பாடத்திட்டக் காலத்தில் பிறந்ததுதான்.

இம்முறையில் ஒரே கல் பல பாடமாகிறது. மூன்று குறுகல்களும் உடற்கூறியல். நுண்ணோக்கியில் தபால் உறைபோலத் தெரியும் ஆக்சலேட் படிகம் உயிர்வேதியியல். வலியின் விவரம் நோயாளியின் வாயிலிருந்தே வருகிறது. "என்ன வேலை பாக்குறீங்க? ஷிப்டுல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்கத் தெரிந்த மாணவர்தான் கல்லின் ஊற்றுக்கண்ணைப் பிடிக்கிறார். குடுவைக் கல்லிடம் இதைக் கேட்க முடியாது.

உங்களுக்குக் கல் விழுந்தால் எறிந்துவிடாதீர்கள். கழுவி, உலர்த்தி, மருத்துவரிடம் கொடுங்கள். பரிசோதித்தால் எந்த வகை என்று தெரியும். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். கால்சியத்துக்குப் பயந்து பால், தயிரை நிறுத்தாதீர்கள், உப்பைக் குறையுங்கள்.